பேனரில் இல்லாத பிள்ளை: போட்டிப் பள்ளியா, பக்கத்துப் பள்ளியா?

பிள்ளை ஐந்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ முடிக்கப் போகிறது. நடந்து போகிற தூரத்தில் இருக்கும் மெட்ரிக் பள்ளியில் முதல் ஐந்து ரேங்குக்குள் வந்துவிடுகிறது. ஒரு விசேஷ வீட்டில் பெரியப்பா கேட்கிறார்: "இவ்ளோ நல்லாப் படிக்கிற பிள்ளைய ஏன் அங்கேயே வெச்சிருக்கீங்க? பெரிய ஸ்கூல்ல போட்டா எங்கேயோ போயிடுமே." அதற்கப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை என்னிடம் யோசனை கேட்டு வரும் பெற்றோரில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நங்கநல்லூரில் கணக்கு டியூஷன் எடுப்பவள். பெயர்பெற்ற சி.பி.எஸ்.இ. பள்ளி, கோச்சிங்கைப் பாடவேளைக்குள்ளேயே வைத்திருக்கும் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, அரசுப் பள்ளி என்று எல்லா இடத்துப் பிள்ளைகளும் மாலையில் ஒரே அறையில் உட்காருகிறார்கள். ஒரே பாடத்தை நாலு பள்ளிகள் எப்படி நடத்தியிருக்கின்றன என்பது நாலு நோட்டுகளைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியை அதன் முதல் பத்துப் பிள்ளைகளை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். 40 பேர் இருக்கும் வகுப்பில் 25வது இடத்தில் இருக்கும் பிள்ளைக்கு அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். வடிகட்டி எடுக்கும் பள்ளியில் சேர்கிற எல்லாருமே பழைய பள்ளியில் முதல் ஐந்துக்குள் இருந்தவர்கள். அத்தனை பேரும் இங்கேயும் முதல் ஐந்துக்குள் வர முடியாது. உங்கள் பிள்ளை போய் உட்காரப் போவது பெரும்பாலும் நடுவில்தான். அந்த நடு இடத்தில் அது நன்றாக இருக்குமா என்பதுதான் முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

போட்டிப் பள்ளி என்றால் எது?

சென்னையில் இந்தப் பேரில் இரண்டு வேறு வேறு வகைகள் ஓடுகின்றன. முதல் வகை, கோபாலபுரம் டி.ஏ.வி., கே.கே. நகர் பத்மா சேஷாத்ரி, மயிலாப்பூர் வித்யா மந்திர், செட்டிநாடு வித்யாஷ்ரம் போன்ற, பல ஆண்டுகளாகப் பெயரெடுத்த பள்ளிகள். இவற்றில் படிப்போடு பாட்டு, விநாடி வினா, அறிவியல் கண்காட்சி என்று எல்லாமே போட்டிதான். வீட்டிலேயே புத்தகமும் ஆங்கிலமும் புழங்கும் குடும்பங்கள் அதிகம். இரண்டாவது வகை, ஆறாம் வகுப்பிலிருந்தே ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன், மெடிக்கல் ஃபவுண்டேஷன் என்று நுழைவுத் தேர்வுப் பயிற்சியைப் பாடவேளைக்குள் கொண்டுவந்துவிட்ட பள்ளிகள். ஆந்திராவில் தொடங்கிய நாராயணா, ஸ்ரீ சைதன்யா குழுமங்களுக்குச் சென்னையிலும் பள்ளிகள் உண்டு. உள்ளூர்க் குழுமங்களும் இதே வழியில் வந்துவிட்டன. முதல் வகையில் ஒத்துப்போகும் பிள்ளை இரண்டாவது வகையில் வாடிப்போகலாம், நேர்மாறாகவும் நடக்கலாம். அதனால் "பெரிய ஸ்கூல்" என்று யாராவது சொன்னால் எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டிச் சேர்க்கக் கூடாது என்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மற்றவற்றில் "இன்டராக்ஷன்", "அசெஸ்மென்ட்" என்ற பெயரில் அந்த வடிகட்டல் நடக்கிறது. நான்கு வயதுப் பிள்ளையை எல்.கே.ஜி. சேர்க்கைக்காக மூன்று மாதம் தயார் செய்கிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த வயதில் பக்கத்துப் பள்ளி, பாசமான டீச்சர், ஓட ஒரு மைதானம் இவை மூன்றும் போதும். எல்.கே.ஜி. பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

நல்ல பள்ளி நல்ல பிள்ளையை உருவாக்குகிறதா, எடுத்துக்கொள்கிறதா?

பெரிய பள்ளியின் ரிசல்ட்டைப் பார்த்து மயங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. அமெரிக்காவில் பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் புகழ்பெற்ற அரசுப் பள்ளிகள் உண்டு. பொருளாதார அறிஞர்கள் ஜோஷுவா ஆங்ரிஸ்ட்டும் பராக் பதக்கும் இன்னொருவரும் சேர்ந்து 2014ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கட் ஆஃபுக்குச் சற்று மேலே எடுத்து உள்ளே போன பிள்ளைகளையும், சற்றுக் கீழே எடுத்து வெளியே நின்ற பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு, பின்னாளில் அவர்கள் எழுதிய தேர்வுகளின் மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குறிப்பிட்டுச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் அந்தப் பள்ளிகளின் பளபளப்பான ரிசல்ட்டில் பெரும்பங்கு, உள்ளே வரும்போதே பிள்ளைகள் கொண்டுவந்தது.

நம் பக்கத்திலும் ஓர் ஆய்வு உண்டு. ஆந்திரக் கிராமங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குலுக்கல் முறையில் தனியார் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்து, நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும். தெலுங்கு, கணக்கு, ஆங்கிலம், அறிவியல் எதிலும் தனியார் பள்ளிக்குப் போனவர்கள் முந்தவில்லை. இந்தியில் மட்டும் முந்தினார்கள், ஏனென்றால் அரசுப் பள்ளியில் இந்தி கிடையாது. அவை கட்டணம் குறைந்த கிராமத்துத் தனியார் பள்ளிகள், சென்னையின் பெரிய பள்ளிகளோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் "காசு கட்டினால் படிப்பு வரும்" என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்க்க அது உதவும்.

மூன்றாவதாக, கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலிருந்து பல நாடுகளில் காட்டிவந்த ஒரு விஷயம். ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளிக்குப் போகும் பிள்ளை தன்னைப் பற்றிக் குறைவாக நினைக்கத் தொடங்குகிறது. "எனக்குக் கணக்கு வரும்" என்ற நினைப்பே அதற்குக் குறைந்துபோகிறது. இதை நான் ஒவ்வோர் ஆண்டும் நேரில் பார்க்கிறேன். பழைய பள்ளியில் 95 வாங்கும்போது கரும்பலகைக்கு முந்திக்கொண்டு வந்த பிள்ளை, புதுப் பள்ளியில் 71 வாங்கிய அரையாண்டுக்குப் பிறகு, விடை தெரிந்திருந்தும் கையைத் தூக்குவதில்லை. கணக்குத் திறமை அப்படியேதான் இருக்கிறது. "நான் சுமார்தான் மிஸ்" என்று அதுவாகவே சொல்கிறது. பதினொன்று வயதில் இந்த முடிவுக்கு வந்துவிட்ட பிள்ளையை மீட்பது எளிதல்ல.

சரி, அப்படியென்றால் போட்டிப் பள்ளி யாருக்குமே வேண்டாமா? அப்படி இல்லை. சில பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை.

ஆதம்பாக்கத்திலிருந்து ஒரு பெண் குழந்தை என்னிடம் வந்துகொண்டிருந்தாள். பக்கத்துப் பள்ளியில் எப்போதும் முதல் ரேங்க். ஆனால் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வி கேட்டால் டீச்சர் "அதெல்லாம் எக்ஸாமுக்கு வராது, உட்காரு" என்று சொல்லிவிடுவாராம். அவளுக்கு வகுப்பு சலித்துப்போய், கடைசி பெஞ்சில் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பில் பெரிய சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு மாறினாள். ரேங்க் பன்னிரண்டுக்குப் போனது. ஆனால் எண்களைப் பற்றி மதிய இடைவேளையிலும் பேசக்கூடிய மூன்று தோழிகள் கிடைத்தார்கள். திருவல்லிக்கேணியிலிருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் தேசியக் கணிதத் திறன் போட்டிக்கு நான்கு பேரும் சேர்ந்தே தயாரானார்கள். ரேங்க் குறைந்தது அவளுக்கு உறைக்கவே இல்லை. போட்டிப் பள்ளி கொடுக்கக்கூடிய உண்மையான வரம் இதுதான், தன்னைப் போன்ற பிள்ளைகளின் சகவாசம். ஆசிரியரோ ஏசி வகுப்பறையோ இதற்கு ஈடாகாது. (அந்தக் கணிதப் போட்டியை எழுதப் பெரிய பள்ளிப் பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை.)

படிப்பைத் தாண்டியும் இது உண்டு. சதுரங்கத்தில் பிரக்ஞானந்தாவும் குகேஷும் படித்த வேலம்மாள் பள்ளிகள், விளையாடும் பிள்ளைகளுக்கு இடம் கொடுப்பதில் பெயர்பெற்றவை. பிள்ளைக்கு ஒரு துறையில் உண்மையான வெறி இருந்து, அதற்கு விடுப்பும் பயிற்சியும் சக போட்டியாளர்களும் தரும் பள்ளி கிடைத்தால், தூரமானாலும் போகலாம் என்பேன்.

நடுவில் நிற்கும் பிள்ளைக்கு என்ன நடக்கிறது

இரண்டாவது வகைப் பள்ளிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் விளம்பரம் அதிகம் செய்வதும் பெற்றோரை அதிகம் இழுப்பதும் அவைதான்.

வழக்கமான ஏற்பாடு இப்படி இருக்கும். காலையில் பள்ளிப் பாடம், பிற்பகலில் ஃபவுண்டேஷன். வாரம் ஒரு டெஸ்ட், ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் கறுப்பது. மதிப்பெண் அன்று இரவே அப்பாவின் போனுக்கு வந்துவிடும், ரேங்கோடு. மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளை செக்ஷன் செக்ஷனாகப் பிரிப்பார்கள். மேல் செக்ஷனுக்கு நல்ல ஆசிரியர், கீழ் செக்ஷனுக்குப் புதிதாகச் சேர்ந்தவர். சில பள்ளிகளில் மாதா மாதம் செக்ஷன் மாறும். ஒரு மாதம் வழுக்கி விழுந்த பிள்ளை, நண்பர்களை விட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போக வேண்டும்.

மேல் செக்ஷனில் இருக்கும் பிள்ளைக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது, அதை மறைக்கக் கூடாது. வேகம் வருகிறது, தேர்வு பயம் போகிறது. ஆனால் நடுவில் இருக்கும் பிள்ளையின் நோட்டைப் பார்த்தால் எனக்கு மனசு கனத்துப்போகும். ஏழாம் வகுப்பில் பின்னம் தடுமாறும். அதே நோட்டில் பதினோராம் வகுப்பு வெக்டர் சூத்திரங்கள் வரிசையாக எழுதியிருக்கும். எழுதியிருப்பது பிள்ளை, ஆனால் ஒரு வரிகூட அதற்குப் புரியவில்லை. அடிப்படை ஆடும்போது மேல் மாடி கட்டக் கூடாது என்று எந்த மேஸ்திரியும் சொல்வார். இங்கே நான்கு வருடம் முன்கூட்டியே கட்டுகிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு நான் முதல் மூன்று மாதம் புதிதாக ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை, பின்னமும் சதவீதமும் குறை எண்களும்தான் போடுகிறோம்.

பள்ளி வாசலில் தொங்கும் பேனரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2017லேயே பொதுத் தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. பேனர்களோ இன்னும் பெரிதாகிக்கொண்டு போகின்றன. பல கிளைகள் உள்ள குழுமங்களில் ஒரே மாணவனின் படம் எல்லாக் கிளைகளிலும் தொங்கும். "இந்தப் பையன் இந்தக் கிளையில்தான் படித்தானா, எந்த வகுப்பிலிருந்து?" என்று வரவேற்பறையில் கேளுங்கள். பதினோராம் வகுப்பில் வந்து சேர்ந்த கெட்டிக்காரப் பையனின் படத்தைக் காட்டி ஆறாம் வகுப்புச் சேர்க்கை நடப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

100 சதவீதத் தேர்ச்சி என்ற வாசகத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். தேறாது என்று நினைக்கும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே "டி.சி. வாங்கிக்கங்க" என்று அனுப்பிவிட்டால் சதவீதம் தானாக நூறாகும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் அடுத்த வடிகட்டல். ஏழு, எட்டு வருடம் அதே பள்ளியில் படித்த பிள்ளைக்கு, கேட்ட குரூப் கிடையாது, வேண்டுமானால் காமர்ஸ் எடு, இல்லாவிட்டால் வேறு பள்ளி பார் என்பார்கள். அதனால் ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "போன வருஷம் உங்க பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்ல எத்தனை பேர் இங்கேயே பதினொண்ணு தொடர்ந்தாங்க? கேட்ட குரூப் எத்தனை பேருக்குக் கிடைச்சுது?" பதில் சொல்லத் தயங்கும் பள்ளியில் உங்கள் பிள்ளை 25வது இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

எந்தக் கதவுக்கு எந்தச் சாவி

"இப்பவே ஆரம்பிக்கலைன்னா லேட் ஆயிடும்" என்ற பயம்தான் இந்தப் பள்ளிகளை நிரப்புகிறது. தமிழ்நாட்டில் இருக்கும் பெற்றோருக்கு இந்தப் பயம் பாதி தேவையற்றது. பல மாநிலத்துக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. பொறியியலுக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007-08 சேர்க்கையோடு போய்விட்டது. கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. உட்பட அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வில் வரும் அத்தனை இடங்களும் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் நிரம்புகின்றன. கணக்குக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200க்குக் கட் ஆஃப். வேளாண்மை, கால்நடை மருத்துவம், கலை அறிவியல் கல்லூரிகள் எல்லாம் பிளஸ் டூ மதிப்பெண்தான். 

ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. வேண்டும். மருத்துவத்துக்கு நீட் வேண்டும். 2024ல் நீட் எழுதியவர்கள் நாடு முழுக்க 23 லட்சத்துக்கும் மேல். இந்த இரண்டு கதவுகளையும் பிள்ளை உண்மையிலேயே தட்ட விரும்பினால் பயிற்சி தேவை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பயிற்சியின் பாடம் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். ஆறாம் வகுப்பில் அதற்கு வேண்டியது பின்னம், இயற்கணிதம், வாசிப்பு, "ஏன்" என்று கேட்கும் பழக்கம். இவை எந்தச் சாதாரணப் பள்ளியிலும் ஒரு நல்ல ஆசிரியரால் கிடைக்கும். ஒன்பதில் லேசாகத் தொடங்கி, பதினொன்றில் முழுமூச்சாக இறங்கிய பிள்ளைகள் நன்றாகவே வருகிறார்கள். ஆறில் தொடங்கியவர்களில் பலர் பத்தாம் வகுப்புக்குள்ளேயே களைத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் அனுபவம்.

இன்னொரு கணக்கை மருத்துவக் கனவுள்ள, வசதி குறைந்த குடும்பங்கள் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். 2020ல் வந்த சட்டப்படி, ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தேறியவர்களுக்கு மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு உண்டு. 2021ல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது வந்தது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் இலவச இடம் பெற்று எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இது உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. ஆறாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றும் அப்பா, இந்த வாய்ப்பை அன்றைக்கே கைவிடுகிறார் என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை. அரசுப் பள்ளி என்றாலே கடைசி வழி என்று நினைக்கும் காலம் போய்விட்டது. மாநகராட்சியின் சென்னைப் பள்ளிகளில் சில, ஆசிரியர்களால் மிக நன்றாக நடக்கின்றன. எல்லாம் அப்படி இல்லை, ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

பக்கத்துப் பள்ளியின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பல மெட்ரிக் பள்ளிகளில் புத்தகத்தின் பின்பக்க வினாக்களுக்கு வெளியே ஒரு கேள்விகூட வராது. கணக்கையே மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். பதினோராம் வகுப்பில் அந்த வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் பன்னிரண்டாம் வகுப்பை இரண்டு வருடம் ஓட்டும் பழக்கம் பல இடங்களில் இருந்தது. 2017-18ல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு வந்ததற்கு அது முக்கியக் காரணம். 2025ல் மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. எனவே "பதினொண்ணாவது போர்ஷன் முழுசா நடத்துவீங்களா?" என்று இப்போது மறுபடியும் கேட்க வேண்டியிருக்கிறது. நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் பாதிக் கேள்விகள் அந்த வகுப்பிலிருந்துதான்.

பழைய அரசு உதவி பெறும் பள்ளிகளைச் சென்னைக்காரர்கள் மறந்தேவிட்டார்கள் என்பது என் ஆதங்கம். நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் படித்த திருவல்லிக்கேணி இந்து மேல்நிலைப்பள்ளி போன்றவை நூறாண்டு தாண்டியவை. கட்டணம் குறைவு, மைதானம் உண்டு, பல வீட்டுப் பிள்ளைகளும் கலந்து படிப்பார்கள். கேந்திரிய வித்யாலயா மத்திய அரசு ஊழியர்களுக்கு முதலிடம் தருவது, மற்றவர்களுக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகள் வெளிநாட்டுப் படிப்பு உறுதியானவர்களுக்கு. அவற்றை இங்கே ஒப்பிடத் தேவையில்லை.

தூரம், தூக்கம், மொழி, காசு

மேடவாக்கத்திலிருந்து கோபாலபுரத்துக்குத் தினமும் போய்வரும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறே முக்காலுக்கு வேன். மாலை வீடு திரும்ப ஐந்தரை, மழை பெய்தால் ஏழு. அப்புறம் வீட்டுப்பாடம், வாரத் தேர்வு. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016ல் பரிந்துரைத்தது. வேன் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரு வழிப் பயணம் என்றால், பள்ளி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பத்து வயதுப் பிள்ளைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பதினைந்து வயதில் தானாக ரயிலிலோ மெட்ரோவிலோ போகும் பிள்ளையின் விஷயம் வேறு.

மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து ஆறாம் வகுப்பில் சி.பி.எஸ்.இ.க்கு மாறினால் மூன்றாவது மொழி வரும். பெரும்பாலான பள்ளிகளில் அது இந்தி அல்லது சமஸ்கிருதம். கூடப் படிக்கும் பிள்ளைகள் சில வருடங்களாகவே படித்துவந்திருப்பார்கள். புதுப் பள்ளி, புது நண்பர்கள், புது வேகம், இதோடு எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு மொழி என்றால் முதல் ஆண்டு நிறையவே சுமை. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை இந்தியில் 30 வாங்கி அழுவதைப் பார்த்திருக்கிறேன். சேர்க்கும் முன்பே கோடை விடுமுறையில் எழுத்துகளையாவது பழக்கிவிடுங்கள்.

காசைப் பற்றிச் சுருக்கமாக. தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்க 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழு இருக்கிறது. அந்தக் குழு நிர்ணயித்த தொகை என்ன என்று பள்ளியில் கேளுங்கள். அதற்கு மேல் ஃபவுண்டேஷன் கட்டணம், மெட்டீரியல், வேன், சீருடை, ஷூ, ஆண்டு விழா என்று தனித்தனியாக வரும். ஏழு வருடத்துக்கும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், ஒரு வருடத்துக்கு மட்டும் பார்க்காதீர்கள். பிளஸ் டூ முடிக்கும் நாளில் கல்லூரிக்கு என்று கையில் ஒன்றும் இல்லாமல் போனால் இத்தனை செலவும் வீண்.

உங்கள் பிள்ளை எப்படி?

மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், கடினமான ஒன்று வரும்போது என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு கணக்கு வரவில்லை என்றால் கோபித்துக்கொண்டு போய்விட்டு, சாப்பிட்டு முடித்ததும் தானாகவே திரும்பி வந்து பென்சிலை எடுக்கிறதா? அப்படியானால் நடு ரேங்க் அதைப் பெரிதாகப் பாதிக்காது. விடைத்தாள் வாங்கியதும் தன் தவறைப் பார்க்கிறதா, பக்கத்துப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்க்கிறதா? எப்போதும் இரண்டாவதுதான் என்றால், வாரா வாரம் ரேங்க் போடும் பள்ளி அதற்கு ஆகாது. பாராட்டினால் மட்டுமே நகரும் பிள்ளை, வயிற்றுவலி என்று தேர்வு நாளில் படுக்கும் பிள்ளை, மெதுவாக ஆனால் ஆழமாக யோசிக்கும் பிள்ளை, இவர்களுக்கு எட்டாம் வகுப்பு வரை பக்கத்துப் பள்ளிதான் என்று உறுதியாகச் சொல்வேன். மெதுவாக யோசிக்கும் பிள்ளைகளில்தான் நான் பார்த்த மிகச் சிறந்த கணக்கு மூளைகள் சில இருந்தன.

வகுப்பில் உண்மையாகவே சலிப்படைந்திருக்கும் பிள்ளை, அதாவது பாடம் எளிதாக இருப்பதால் குறும்பு செய்யும் பிள்ளை, போட்டிப் பள்ளிக்குப் போகலாம். முதல் வகைப் பள்ளிக்கு. இரண்டாவது வகைக்கு ஆறில் யாரையும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மாறுவதென்றால் எப்போது என்றால், ஆறாம் வகுப்பு பரவாயில்லை, பதினோராம் வகுப்பு இயல்பானது, ஏனென்றால் அப்போது பாதிப் பேர் புதியவர்கள், குரூப்பும் பிள்ளையே தேர்ந்தெடுத்தது. ஒன்பதாம் வகுப்பு கூடாது. நட்பு கெட்டியாகிற வயது, அடுத்த வருடம் பொதுத்தேர்வு, பாடத்திட்டமும் மாறினால் பிள்ளை திணறிப்போகும். பதினொன்றில் போகும்போதும் டம்மி பள்ளி ஆசை வேண்டாம். பெயரைப் பள்ளியில் வைத்துவிட்டு நாள் முழுக்க கோச்சிங் சென்டரில் உட்காரும் ஏற்பாட்டுக்கு எதிராக சி.பி.எஸ்.இ. நடவடிக்கை எடுத்துவருகிறது, 75 சதவீத வருகைப் பதிவு கட்டாயம். சட்டம் இருக்கட்டும், பதினாறு வயதில் ஆய்வகமும் விளையாட்டும் சினேகிதமும் இல்லாமல் ஒரு பிள்ளை இரண்டு வருடம் கழிப்பதை நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது.

பணம் கட்டும் முன் மாலை நாலு மணிக்கு அந்தப் பள்ளி வாசலில் இரண்டு நாள் போய் நில்லுங்கள். வெளியே வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு வருகிறார்களா என்று பாருங்கள். அங்கே காத்திருக்கும் அம்மாக்களிடம் டாப்பரைப் பற்றிக் கேட்காதீர்கள், "உங்க பிள்ளை மார்க் குறைஞ்சப்ப ஸ்கூல்ல என்ன பண்ணாங்க?" என்று கேளுங்கள். ஆசிரியரே கூப்பிட்டுப் பேசினார் என்றால் நல்ல அடையாளம். "ரெமிடியல் கிளாஸ்னு தனியா ஃபீஸ் கேட்டாங்க" என்றால் யோசியுங்கள். வேன் ஓட்டுநருக்கும் நிறையத் தெரியும், எந்தப் பிள்ளை தூங்கிக்கொண்டே வருகிறது என்பது உட்பட.

பிள்ளையையும் அழைத்துப் போய் ஒரு முழு நாள் வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். சில பள்ளிகள் சம்மதிக்கின்றன. திரும்பி வந்ததும் "பிடிச்சுதா?" என்று கேட்டால் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லும். "யார் பக்கத்துல உட்கார்ந்தே, என்ன பேசினீங்க?" என்று கேளுங்கள்.

சேர்த்த பிறகு ஒத்துவரவில்லை என்றால் ஒரு கல்வியாண்டு முழுக்கப் பாருங்கள், அரையாண்டோடு முடிவெடுக்காதீர்கள். ஆனால் சாப்பாடு, தூக்கம், பேச்சு மூன்றும் குறைந்துகொண்டே போனால் ஆண்டு முடியக் காத்திருக்க வேண்டாம். கட்டணப் பாக்கியைக் காட்டி டி.சி.யை நிறுத்திவைக்கக் கூடாது, அது வசூலுக்கான கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பள்ளி இழுத்தடித்தால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகலாம், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் கேட்கலாம். பழைய பள்ளியில் இடம் இருக்குமா என்பதை மாறும்போதே தலைமை ஆசிரியரிடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று வருட ஃபவுண்டேஷன் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். ஒவ்வோர் ஆண்டாகவே கட்டுங்கள், நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.